இன்னொரு வண்டியின் உயரம்

கணவன் ராய்ஸ் வாங்கிய நான்கு ஷாக் அப்சார்பர்களும் அவன் இறந்த பிறகும் கட்டிலுக்கு அடியில் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. கம்பளி எடுக்கக் குனியும்போதெல்லாம் பெட்டியின் முனை ஆர்லீனின் விரலில் குத்தும். டிசம்பரில் அவன் போனான். பிப்ரவரி வரை அவள் அவற்றை நகர்த்தவில்லை.

போன இலையுதிர் காலத்தில், ஐடஹோவிலிருந்து தெற்கே வரும் வழியில்தான் அவற்றை வாங்கினான். நெவாடாவில் ஒரு மோசமான சாலை. நிறுத்திப் பார்த்தபோது, பின்னால் இழுத்து வந்த வீட்டு டிரெய்லருக்குள் அலமாரி திறந்து, தட்டுகள் தரையில் சில்லு சில்லாகக் கிடந்தன. ஓடும் டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது என்பது சட்டம். இருவரும் முன்னால், அதை இழுக்கும் பிக்கப் வண்டியில் முதுகு வலிக்க உட்கார்ந்து வந்திருந்தார்கள்.

"தட்டுக்கும் கோப்பைக்கும் சொகுசு. நமக்குக் குலுக்கல்," என்றாள் ஆர்லீன், அவன் பெட்டிகளைத் தூக்கி வந்தபோது.

"நீ குலுங்கினா வாயால சொல்லுவ. தட்டு உடைஞ்சுதான் சொல்லுது," என்றான் ராய்ஸ்.

அவர்கள் குளிர்காலத்தைக் கழித்தது அரிசோனாவில், கொலராடோ ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, டிரெய்லர்களுக்கென்று விடப்பட்ட பாலை நிலத்தில். ஒவ்வொருவரும் தங்கள் இடத்தைச் சுற்றி வெள்ளையடித்த கற்களை வைத்திருந்தார்கள். ஆர்லீனின் கற்களுக்கு அடுத்தவை டெல்பர்ட், நடீன் தம்பதியுடையவை. அதற்கடுத்து லானி, தனி ஆள். பல வருடங்களாக இதே வரிசை. மாலை நாலு மணிக்கு நாற்காலிகள் வட்டமாகும். ஏப்ரல் நடுவில் எல்லோரும் கிளம்பியாக வேண்டும். அதற்குமேல் வெயில் யாரையும் விட்டுவைக்காது.

ஒரேயடியாகக் கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்லும்போது 'சாவியை மாட்டிட்டாங்க' என்பார்கள். டிரெய்லரை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்விடுவது. மனைவி இறந்தால் கணவன் அடுத்த குளிர்காலமும் வருவான், ஒரு புது நாயுடன். கணவன் இறந்தால் மனைவி சாவியை மாட்டிவிடுவாள். இதை யாரும் விதியாக வைக்கவில்லை. ஆனால் ஆர்லீன் அங்கே பார்த்த விதவைகள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவர்களுடைய டிரெய்லர்கள் வட்டத்துக்குள்ளேயே கை மாறின. ஒரு முறை அவளும் ராய்ஸும் அப்படி ஒரு விதவையிடமிருந்து ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார்கள். மலிவாகக் கிடைத்தது.

ஆர்லீன் சாவியை மாட்டுவதாக இல்லை. ஐடஹோவில் ஓர் ஏரிக்கரை முகாம். கோடைதோறும் அவளும் ராய்ஸும் அதைப் பார்த்துக்கொண்டார்கள். கழிப்பறை கழுவுவது, விறகு விற்பது, சத்தம் போடுகிறவர்களை அடக்குவது. பதிலுக்கு மரத்தடியில் இலவசமாக ஓர் இடம். இந்த வருடம் தனியாக வரலாமா என்று அவள் வன அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள்.

"டிரெய்லரோட வர முடியும்னா வாங்க," என்றாள் அங்கிருந்த பெண். "இங்க தங்க வேற இடம் கிடையாது."

டிரெய்லரை விட்டால் ஆர்லீனுக்கு வேறு எங்கும் இடம் கிடையாது. நெப்ராஸ்காவில் இருந்த வீட்டை விற்றுத்தான் அதை வாங்கினார்கள். மிச்சமிருப்பது ஒமாஹாவில் மகன் கர்டிஸ் வீட்டின் நிலவறை. சலவை இயந்திரத்துக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு கட்டில். ராய்ஸை அடக்கம் செய்யப் போனபோது அவள் அதில்தான் படுத்தாள். மருமகள் துணி போட்டபோது தலையணை அதிர்ந்தது.

ஐடஹோ போவதை அவள் வட்டத்தில் சொன்னாள். "நல்லது, நல்லது," என்றார்கள். எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் டெல்பர்ட் அவள் வாசலில் வந்து நின்றான். பெரிய உடம்பு, சின்னக் குரல். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"ராய்ஸ் வாங்கி வச்ச ஷாக் எங்க?"

"கட்டிலுக்கு அடியில."

"எடு. மாட்டிடலாம். அவனுக்குன்னு நான் ஒண்ணும் செய்யல. இதையாவது செய்றேன்."

 ஆர்லீன் உள்ளே போய்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்தாள்.

லானியும் வந்து சேர்ந்தான். ஒரு ஷாக்கை எடுத்து நெஞ்சில் ஊன்றி அழுத்தினான். தண்டு மெதுவாக உள்ளே போனது. கையை எடுத்ததும் அதே மெதுவில் வெளியே வந்தது.

"என் மொத சம்சாரத்தோட கோபம் இப்படித்தான்," என்றான். "போகவும் நேரமாகும், வரவும் நேரமாகும்."

"ரெண்டாவது?" என்றான் டெல்பர்ட்.

"அது ஷாக்கே இல்லாத வண்டி, தலைவரே."

டிரெய்லரின் சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடுக்கிய மரக்கட்டைகளின் மேல் உட்காரவைத்தார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். டெல்பர்ட் ஓர் அட்டையை விரித்து, மல்லாந்து, அடியில் நகர்ந்து போனான். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தன. சிறிது நேரத்தில் பூட்ஸ் பேசின.

"ஆர்லீன், ஷாக் மட்டும் போட்டா ஆகாது."

"ஏன்?"

"பட்டையெல்லாம் செத்துப் போச்சு. வில்லு மாதிரி வளைஞ்சு நிக்க வேண்டிய ஸ்பிரிங், அசந்து படுத்திருக்கு. போல்ட்டு ஓட்டை முட்டை வடிவமா தேஞ்சிருக்கு. உள்ள போல்ட்டுக்கு உறையா பிளாஸ்டிக் புஷ் போட்டிருக்கானுங்க. இருந்த இடமே தெரியல."

ஒரு கை வெளியே வந்து ஒரு போல்ட்டை நீட்டியது. அதன் இடுப்பில் பாதி தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. ஆர்லீன் அதை வாங்கிப் பார்த்தாள். இதை நம்பித்தான் நெவாடா முழுக்க வந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் மாத்திடலாம்," என்றான் டெல்பர்ட். "புதுப் பட்டை, பித்தளை புஷ், கிரீஸ் அடிக்கிற போல்ட்டு. அப்படியே பட்டையை அச்சுக்கு மேல ஏத்திடுறேன்."

"மேல எதுக்கு?"

"இப்ப அச்சுக்கு அடியில தொங்குது. மேல உக்கார வச்சா டிரெய்லர் அரைச்சாணுக்கு மேல உசரும். கழிவுக் குழாய் தரையில இடிக்குதுன்னு ராய்ஸ் சொல்லிட்டே இருப்பான்ல?"

அவளுக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. ஆனால் ராய்ஸ் ஆண்களிடம் பேசியதெல்லாம் அவளிடம் பேசியதில்லை.

"அதுக்கெல்லாம் நான் எவ்வளவு..."

"காசுப் பேச்சு எடுத்தா எழுந்து போயிடுவேன்," என்றன பூட்ஸ்.

வேலை அந்த வாரம் முழுக்க நடந்தது. பட்டை உட்காருவதற்கான புது இரும்பு இருக்கைகளை அச்சின் மேல்புறத்தில் வைத்து டெல்பர்ட் வெல்டிங் செய்தான். அடியில் இருந்த பழைய இருக்கைகளை அறுத்து எறிந்தான். பொறி பறக்கும் பக்கம் லானி வாளித் தண்ணீரோடு குந்தியிருந்தான். புதுப் பட்டைகளை ஏற்றி, யூ போல்ட் போட்டு, ஷாக்குகளை மாட்டினார்கள். டிரெய்லரைத் தரையில் இறக்கிச் சக்கரத்தில் எடை உட்கார்ந்த பிறகுதான் டெல்பர்ட் கடைசி முடுக்கு முடுக்கினான். ஒவ்வொரு போல்ட்டிலும் கிரீஸ் பிதுங்கும் வரை அடித்தான். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் அவளை அதிகம் உறுத்தியது அதுதான்.

அவள் சமைத்துப் போட்டாள். மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரமான சில்லி, சோள ரொட்டி, ஒருநாள் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம். நடீனும் சாப்பிட வந்தாள். சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைக் கழுவிக் கொடுத்தாள். எங்கே எதை வைப்பது என்று கேட்காமல் இழுப்பறைகளைத் திறந்து திறந்து பார்த்தாள்.

"ஓவன் அடுப்பு ஒழுங்கா சூடாகுதா?" என்று கேட்டாள். "எங்களுது பின்பக்கம் கருக்கிடும்."

"இது கருக்காது."

"திரையெல்லாம் நீயே தைச்சதா?"

"ஆமா."

"தோய்க்கணும்னா கழட்டுறது சுலபமா?"

ஆர்லீன் கொக்கிகளைக் காட்டினாள். நடீன் ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்ததும் டெல்பர்ட் பின் பம்பரில் ஏறிக் குதித்தான். டிரெய்லர் ஒருமுறை தாழ்ந்து எழுந்து, அதோடு நின்றுவிட்டது.

"பாத்தியா? ஒரே ஆட்டம்," என்றான். சுவரில் தட்டிக் கொடுத்தான். "இனி எங்க வேணா போகும்."

வாசற்படி உயர்ந்துவிட்டிருந்தது. ஆர்லீன் ஒரு மரப்பெட்டியை முன்னால் போட்டு ஏறப் பழகினாள்.

மார்ச் நடுவில் ஒரு காலை, பிக்கப்பில் டிரெய்லரைத் தனியாக மாட்டிப் பழகலாம் என்று தோன்றியது. ராய்ஸ் இருந்தவரை அவன் வண்டியைப் பின்னால் எடுப்பான், அவள் கையைக் காட்டுவாள். இப்போது கொஞ்சம் பின்னால் எடுப்பாள், இறங்கிப் பார்ப்பாள், ஏறுவாள், மறுபடி எடுப்பாள். பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கிக் குண்டு டிரெய்லரின் மூக்குக்கு நேர் கீழே வந்து நிற்க வெயில் ஏறிவிட்டது. முன் ஜாக்கியைச் சுற்றி டிரெய்லரை இறக்கினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். மூக்கு இறங்கிக்கொண்டே போனது. குண்டில் உட்கார்ந்தபோது டிரெய்லர் தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு போல நின்றது.

உள்ளே ஏறி ரசமட்டத்தைத் தரையில் வைத்தாள். குமிழி பின்கோடிக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. எடையெல்லாம் முன்சக்கரங்களில் உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் பெயருக்குத் தரையைத் தொட்டன. இப்படி நெடுஞ்சாலையில் போனால் டிரெய்லர் வாலாட்டும், வாலாட்டினால் பிக்கப்பையும் சேர்த்து இழுத்துக் கவிழ்க்கும் என்பது அவளுக்குத் தெரியும். வழியில் கவிழ்ந்து கிடந்த டிரெய்லர்களைப் பார்த்திருக்கிறாள்.

மறுபடி கழற்றினாள். குமிழி நடுவில் வரும்வரை ஜாக்கியைச் சுற்றி மூக்கை உயர்த்தினாள். தையல் டேப்பை எடுத்து வந்து தரையிலிருந்து மூக்கு வரை அளந்து, அந்த இடத்தில் டேப்பில் ஓர் ஊசியைக் குத்தினாள். தன் பிக்கப்பின் குண்டை அளந்தாள். ஊசிக்கு அது எட்டவே இல்லை.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டெல்பர்ட்டின் இடத்துக்குப் போனாள். அவன் பந்தல் துணிக்கு அடியில் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"டெல்பர்ட், டிரெய்லர் மூக்கால உழுது."

"உன் பிக்கப்புல மாட்டிப் பாத்தியா?"

"வேற எதுல மாட்டுவேன்?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அது தாழ்ந்த வண்டி, ஆர்லீன். இனி இதை இழுக்காது."

"இழுக்காதுன்னா?"

"இழுக்கக் கூடாது. மலை இறக்கத்துல ஆட ஆரம்பிச்சா நீயும் போவ, எதுக்க வர்றவனும் போவான்."

"அப்ப ஏதாவது செய்யணுமே. என்ன செய்யலாம்?"

"செய்றதுக்கு ஒண்ணுமில்ல."

"ஏத்துறப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ நெசமாவே போவேன்னு யாரு நெனச்சா?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டவனாக அவளைப் பார்த்தான்.

அவனுடைய பிக்கப் பக்கத்தில்தான் நின்றது. ஏறுவதற்கே படி வைத்த உயரமான வண்டி. பின்னால் கொக்கிக் குண்டு வெயிலில் மின்னியது. ஆர்லீன் குனிந்து டேப்பின் நுனியை மண்ணில் ஊன்றினாள். ஊசி குண்டின் உச்சியில் வந்து நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நெப்ராஸ்காவில் அவள் ஒரு துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கும் வேலை பார்த்தவள். ஒருவருக்குத் தைத்ததை இன்னொருவர் போட்டுக்கொண்டு வந்தால் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதற்கு டேப் தேவைப்பட்டதில்லை. இதற்குத் தேவைப்பட்டது.

"இது உன் வண்டிக்கு அளவெடுத்தது," என்றாள்.

டெல்பர்ட் கீழே வைத்த கோப்பையை மறுபடி எடுத்தான். வலைக்கதவுக்குப் பின்னாலிருந்து நடீனின் குரல் வந்தது.

"கர்டிஸ் உன்கிட்ட இன்னும் பேசலையா?"

"நீ சும்மா இரு," என்றான் டெல்பர்ட்.

ஆர்லீன் தன் இடத்துக்கு வந்து மரப்பெட்டியில் உட்கார்ந்து மகனுக்குப் போன் செய்தாள்.

"டெல்பர்ட் சொல்லிட்டாரா, அம்மா?" என்றான் கர்டிஸ். குரலில் ஒரு நிம்மதி. "சீசன் முடியிற விருந்துல பக்குவமா சொல்றேன்னார்."

"என்னத்த சொல்லணும்?"

"டிரெய்லரை அவரே எடுத்துக்கிறார். நல்ல மனுசன். எவனோ வெளியாளுக்குப் போறதுக்கு அவர்கிட்ட இருந்தா அப்பாவுக்கும் சந்தோசம்தானே?"

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா நீ வேணாம்ப."

"வேணாம்னா வேணாம்தானே, கர்டிஸ்?"

"அம்மா, நீ மலைப்பாதையில ஒத்தையா அதை இழுத்துட்டுப் போனா நான் ராத்திரி தூங்கணுமா வேணாமா? இங்க என்ன குறை? கீழ் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கேன். உனக்குப் பிடிச்ச மஞ்சள்."

மஞ்சள் ராய்ஸுக்குப் பிடித்த நிறம். அவளுக்குப் பிடிக்காது.

"டிரெய்லர் என் பேர்ல இருக்கு," என்றாள்.

"இருக்கு. யாரு இல்லைன்னா? கையெழுத்து நீதானே போடப் போற?"

அன்று மாலை நாலு மணிக்கு அவள் வழக்கம்போல நாற்காலியை எடுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் உட்காரும்வரை காத்திருந்தாள். அதிகம் பேசிப் பழக்கமில்லாததால் என்ன சொல்ல வேண்டும் என்பதை வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"டெல்பர்ட், டிரெய்லரைப் பழையபடி இறக்கிக் குடு."

"எப்படி இறக்குறது? பழைய பட்டை காயலான் கடைக்குப் போயாச்சு. அச்சுல இருக்கையை அறுத்தாச்சு."

"அறுத்தவன் நீதானே, திரும்ப வை."

"ஒரு வாரம் மண்ணுல மல்லாந்து கெடந்தேன், இந்த இடுப்பை வச்சுக்கிட்டு," என்றான் டெல்பர்ட். மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். "ஒரு டாலர் கேட்டேனா?"

"கேக்கல. கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன்."

எதிரே இருந்த ஒரு பெண், "ஆர்லீன், அவன் உன் நல்லதுக்குத்தான் பண்ணினான்," என்றாள். இன்னொருத்தி, "விடுங்க, துக்கத்துல இருக்கா," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு ஆர்லீன் என்ன சொன்னாலும் துக்கம்தான் பேசியது.

நடீன் மட்டும் நேராகப் பார்த்தாள்.

"எங்க டிரெய்லர் தரை அழுகிப் போயிருக்கு. படுக்கையறைப் பக்கம் கால வச்சா உள்ள எறங்குது. அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"உன்னுதைக் கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"இல்ல."

"அதான் கேக்கல."

லானி தன் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அன்று அவனிடம் நகைச்சுவை எதுவும் இல்லை.

மறுநாள் நாலு மணிக்கு அவளுடைய நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் அதிகமாக இடம் இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பிறகு அவள் போகவில்லை. நாலு மணிக்குச் சிரிப்புச் சத்தம் வரும்போது உள்ளே உட்கார்ந்து ஏதாவது தைத்தாள்.

விற்றுவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். வேறு உயரமான பிக்கப் வாங்க அவளால் முடியாது. ஐடஹோவுக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லலாம் என்று எண்ணைக்கூட எடுத்துவிட்டாள். அந்தப் பெண் என்ன காரணம் என்று கேட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மார்ச் கடைசியில் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் லானியைப் பார்த்தாள். இரண்டு பேருடைய கேன்களும் வரிசையில் இருந்தன. வேறு யாரும் இல்லை. லானி அவளுடைய கேனுக்குள் குழாயைச் சொருகினான். அவள் பக்கம் திரும்பாமல் பேசினான்.

"நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாத."

"என்ன?"

"உன் பிக்கப்புல குண்டு உக்காந்திருக்கிற தண்டு கீழ் நோக்கி வளைஞ்சிருக்குல்ல? பூட்டுற பின்னை உருவிட்டு அதை வெளிய இழு. தலைகீழாத் திருப்பிச் சொருகு. மேல் நோக்கி நிக்கும். குண்டைக் கழட்டி மறுபக்கம் வச்சு முடுக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அந்த உசரம் வந்துடும். டயர் கடையில குடுத்தா காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவான்."

ஆர்லீன் கேன் நிறைவதைப் பார்த்தாள். "இது டெல்பர்ட்டுக்குத் தெரியுமா?"

"போன வருசம் எனக்கே தலைவர்தான் அப்படித் திருப்பிப் போட்டுக் குடுத்தாரு."

செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டெல்பர்ட் சொன்னபோது அவன் குரல் கொஞ்சமும் மாறவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"பட்டை மாட்டுறப்பவே உனக்குத் தெரியுமா லானி, யாருக்கு மாட்டுறீங்கன்னு?"

கேன் நிறைந்து வழிந்தது. லானி குழாயை எடுக்கவில்லை.

"எனக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல, ஆர்லீன்," என்றான். "நாலு மணிக்குப் போய் உக்கார இந்த ஒரு இடந்தான் இருக்கு."

அவள் நன்றி சொல்லவில்லை. கை நீட்டிக் குழாயை மூடிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டாள்.

ஊருக்குள் டயர் கடையில் ஓர் இளைஞன் ஒரு கையில் சாப்பாட்டோடு வந்து பார்த்தான். சாப்பாட்டை வைத்துவிட்டுக் கை நீள ஸ்பேனரால் குண்டைக் கழற்றினான். தண்டைத் திருப்பிச் சொருகி, குண்டை மறுபக்கம் வைத்து முடுக்கினான்.

"எவ்வளவு தூரம் போறீங்க?"

"ஐடஹோ."

"தனியாவா?"

"ஆமா."

"சரி," என்றான்.

அந்தக் குளிர்காலத்தில் அவளிடம் வெறும் சரி என்று சொன்ன முதல் ஆள் அவன்.

திரும்பி வந்து டிரெய்லரை மாட்டினாள். ரசமட்டத்தைத் தரையில் வைத்தாள். குமிழி கொஞ்சம் தயங்கி நடுவில் நின்றது. அவளுக்கு மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இத்தனை சின்ன விஷயத்துக்காக இத்தனை நாள் உள்ளே உட்கார்ந்து தைத்தோமே என்றுதான் தோன்றியது.

விருந்துக்கு அவள் இருக்கவில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கிளம்பினாள். யாராவது கிளம்பினால் எல்லோரும் கற்களைத் தாண்டி வந்து நிற்பது அங்கே வழக்கம். போய் வா என்று சொல்ல மாட்டார்கள். 'வழியில பாப்போம்' என்பார்கள். அன்று காலை டெல்பர்ட்டின் டிரெய்லருக்குள் டிவி ஓடும் சத்தம் கேட்டது. லானியின் வண்டியைக் காணவில்லை.

நடீன் மட்டும் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாராவது விளக்கு பாக்கணும்ல," என்றாள்.

பார்க்கத்தான் வேண்டும். பிரேக்கை மிதிக்கிறவர் பின்னால் போய் நின்று பார்க்க முடியாது. எப்போதும் ராய்ஸ் மிதிப்பான், ஆர்லீன் பின்னால் நின்று சொல்வாள். அவன் போன பிறகு இதை ஒருவரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

அவள் பிக்கப்பில் ஏறிப் பிரேக்கை மிதித்தாள். பக்கக் கண்ணாடியில் நடீனின் கை உயர்ந்தது. இடது விளக்கைப் போட்டாள். கை உயர்ந்தது. வலது விளக்கைப் போட்டாள். கை உயர்ந்தது.

"எல்லாம் எரியுது," என்று நடீன் சத்தமாகச் சொன்னாள்.

ஆர்லீன் கியரில் கை வைத்தாள். நெடுஞ்சாலையில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் லாரிகளை நினைத்தாள். கையை எடுத்தாள். இருக்கைக்குப் பின்னால் கண்ணாடியில் பனி சுரண்டும் நீளக் கட்டை இருந்தது. அதை எடுத்து, பிரேக் பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தாள். இறங்கி, டிரெய்லரின் நீளம் முழுக்க நடந்து பின்னால் வந்தாள்.

இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. பக்கத்தில் போய், வெயிலுக்குக் கையை மறைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்ப முன்னால் நடந்து இடது விளக்கைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். மறுபடி நடந்து வலது. மரப்பெட்டி இருந்த இடத்தில் மண் சதுரமாக அழுந்தியிருந்தது. நடீன் நின்ற இடத்திலேயே நின்று அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொன்னேனே," என்றாள்.

"சொன்ன."

"நம்பலையா?"

"இல்ல."

நடீனின் முகம் சிவந்தது. "எத்தனை வருசம், ஆர்லீன்," என்றாள்.

  ஆர்லீன் முன்னால் போய்க் கட்டையை எடுத்துவிட்டு ஏறினாள். வெள்ளைக் கற்களில் ஒன்றின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. டிரெய்லர் ஒரே ஒருமுறை ஆடி அடங்கியது.

மண்பாதை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் நிறுத்தினாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்து, 'வரல, போ' என்று அவள் ராய்ஸுக்குச் சொல்லும் இருக்கை காலியாக இருந்தது. பெல்ட்டைத் தளர்த்தி, அந்த இருக்கையின் மேல் சாய்ந்து, தானே எட்டிப் பார்த்தாள். ஒரு லாரி வந்தது. அது போகும்வரை காத்திருந்தாள். மறுபடி எட்டிப் பார்த்தாள்.